நீங்களும் ஒருக்கா வாங்கோ

வாசல் படலை சாத்துப்படவில்லை.

ராசமலர் ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது அவளே கொளுக்கி போட்டுச் சாத்திவிட்டுப் போன மரப்படலை, இப்போது வீட்டுப் பக்கமாக ஆவென்று திறந்து, அடிப்பலகை ஐஸுக்குள் இறுகி, அசையமாட்டேன் என்று நின்றது. மகள் சாரங்கியின் வேலையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை படலையைச் சாத்தினால்தான் அதிசயம். கண்டறியாத பனி, கண்டறியாத படலை. விடியமுன் எழும்பிப் போய், துணித் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கின முதுகை இனி ஒரு படலைக்காக வளைக்க ஏலாது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

படலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பனிமனிதர்கள் நின்றார்கள். காலையில் இல்லாதவர்கள். பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சளவு உயரம், கரட் மூக்கு, கறுத்தக் கல்லுக் கண். றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பேரும் வீட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

டென்மார்க்கின் இக்காஸ்டில் தை மாதம் பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கே இருட்டிவிடும். அன்றைக்கு இருட்டோடு சேர்ந்து காற்றும் வந்தது. பனி விழவில்லை, படுக்கையாக ஓடியது. றோட்டு விளக்குகளுக்குக் கீழே அது வெள்ளைப் புகையாக ஓடி ஓடி, வேலி ஓரங்களில் ஏறி, யன்னல் உயரத்துக்கு மேடு கட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே சாரங்கி சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வகுப்பில் அவள் எழும்பி நின்று ஒரு பழைய சண்டையைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

"படலையை ஏன் பிள்ளை சாத்தேல்லை?"

"நை," என்றாள் சாரங்கி. இல்லை என்பதற்கு டெனிஷ்காரர் சொல்வது. அது காதில் 'நாய்' என்றுதான் விழும். தாயைப் பார்த்து நாய் என்கிறாய் என்று ராசமலர் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறாள். இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. "நான் சாத்தினனான் அம்மா. சாத்திப்போட்டுத்தான் ஸ்னேமன் செய்தனான்."

"அப்ப ஆர் திறந்தது?"

பிள்ளை தோளைக் குலுக்கியது. பிறகு, கேட்காமலே, தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. டெனிஷ் பாதி, தமிழ் பாதி.

"அமெரிக்காவிலை ஸ்கெனெக்டடி எண்டு ஒரு ஊர். முந்நூறு வருசத்துக்கு முன்னம். டச்சுக்காரர் போய் இருந்த ஊர். சுத்திவர மரத்தாலை உயரமா வேலி. ரெண்டு பக்கமும் படலை. சரியான ஸ்நோ அம்மா, இண்டையான் மாதிரி. இந்த ஸ்நோவுக்குள்ளை ஆர் சண்டைக்கு வரப்போகினம் எண்டு சொல்லிப்போட்டு, படலையைச் சாத்தாமல் எல்லாரும் படுத்திட்டினம். காவலுக்கு ரெண்டு ஸ்னேமனைச் செய்து படலையடியிலை வைச்சவையாம். பகிடிக்கு."

"சென்றிக்கோ?" ராசமலர் தேத்தண்ணிக்குச் சீனி போட்டபடி கேட்டாள். சென்றி என்று சொன்னதும் வாய்க்குள் வேறு ஒரு நாட்டின் புழுதி கடிபட்டது.

"ஓம், சென்றி. பிறகு பிரெஞ்சுக்காரரும் அவையோடை சேந்த அந்த நாட்டுச் சனமும் வந்தவை. பனிக்குள்ளாலை கனநாள் நடந்து. ஒரு சத்தமும் இல்லை. படலை திறந்து கிடந்தது. ஸ்னேமன் ரெண்டையும் தாண்டி உள்ளை போயிட்டினம். எல்லாரும் நித்திரை."

"பிறகு?"

"பிறகு என்ன. கனபேர் செத்துப்போச்சினம். சின்னப் பிள்ளையளும்."

"உங்கடை ரீச்சருக்கு வேறை கதை கிடைக்கேல்லையோ?" என்றாள் ராசமலர். அவளுக்குக் கதைகள் போதும். வன்னியில் சண்டை முடிகிற நேரம் அது. முடிகிறது என்றால் சனம் முடிகிறது. தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடித்தது, அடிக்காவிட்டாலும் அடித்தது. கிழமைக்கு ஒரு செத்த வீடு. பிரேதம் இல்லாத செத்த வீடு, சாம்பல் இல்லாத செத்த வீடு. ஒரு படம், ஒரு விளக்கு, கதிரைகளில் சத்தமில்லாத சனம். போய் இருந்து, முகத்தைப் பார்த்து, எழும்பி வந்து, விடிய வேலைக்குப் போவாள். அழுகைகூட அலுத்துவிட்டது.

"உன்ரை சென்றியளும் வடிவாத்தான் காவல் காக்கினம். வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

சாரங்கி எழுதுவதை நிறுத்தினாள். "நை. நான் றோட்டைப் பாக்கத்தான் வைச்சனான்."

ராசமலரின் கையில் இருந்த கரண்டி கோப்பைக்குள் நின்றது. பெடியள் யாரும் சேட்டைக்குத் திருப்பி வைத்திருப்பார்கள், வேறென்ன என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது நினைவுக்கு வந்தது.

போன ஞாயிறு கிரின்ஸ்டெட்டுக்குப் போயிருந்தார்கள், சரோஜினிதேவி அக்கா வீட்டுக்கு. அக்காவின் தம்பி குணசேகரம், மனிசி, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரும் ஒரே செல்லடியில் போய்விட்டார்கள். யாரோ இமெயிலில் அனுப்பின படத்தைப் பெருப்பித்து மேசையில் வைத்திருந்தார்கள். தறப்பாள் கொட்டில் ஒன்றுக்கு முன்னால் ஐந்து பேரும் வரிசையாக, வெறுங்காலோடு நின்றார்கள். சாரங்கிக்கு அங்கே சோடிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் படத்துக்கு முன்னால் நிலத்தில் சம்மாணம் கட்டி இருந்து, அந்த மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளிக்கிடுகிற நேரம் எல்லோரும் சத்தமில்லாமல் எழும்பினார்கள். அப்போதுதான் பிள்ளை படத்துக்கு முன்னால் நேராக நின்று, தாய் சின்னனிலிருந்து பழக்கிவிட்டபடி, தெளிவான குரலில் சொன்னது.

"போட்டு வாறம். நீங்களும் ஒருக்கா எங்கடை வீட்டை வாங்கோ."

எழும்பின சனம் எல்லாம் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. ராசமலர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். காருக்குள் ஏறியதும் வாயில் வந்தபடி ஏசினாள். செத்த வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை வாறன் எண்டு சொல்லக்கூடாது, விளங்குதோ? ஒண்டும் சொல்லக்கூடாது. சும்மா எழும்பி வரவேணும். வாறன் எண்டால் திரும்பவும் அப்பிடி ஒரு வீட்டுக்கு வாறதெண்டு ஆகும். பிள்ளை விக்கி விக்கி அழுதது. "விடுமப்பா, குழந்தைக்கு என்ன தெரியும்," என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த புருசன் சிவானந்தன்.

"அதை விடுங்கோ. ஓம் எண்டு சொன்னது ஆர்? அக்காவோ?"

"எப்ப?"

"பிள்ளை வாங்கோ எண்டு சொன்ன உடனை. ஓம் எண்டு ஒரு சத்தம் கேட்டதே."

"எனக்கொண்டும் கேக்கேல்லை," என்றான் சிவானந்தன்.

அன்று இரவே உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மூன்றுதரம் சுற்றி, பிள்ளைக்கு நாவூறு கழித்து, அடுப்பில் போட்டாள். புகைக்கு எச்சரிக்கை மணி வீடு அதிரக் கத்தியது. சிவானந்தன் கதிரையில் ஏறி நின்று அதன் பற்றறியைக் கழற்றியபடி சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையைத் தனியே விட அவளுக்கு மனமில்லை. வேலையில் நின்றாலும் மனம் வீட்டில் நின்றது. இருந்தது அவளுக்கு ஒரே ஒரு பிள்ளை.

தொலைபேசி அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். எஸ்பியர்க் துறைமுகத்தில் வேலைக்குப் போன சிவானந்தன்தான்.

"இஞ்சாரும், றோட்டு எல்லாம் பூட்டிப்போட்டாங்கள். இண்டைக்கு வர ஏலாது. கோணேஸ்வரன் அண்ணை வீட்டிலை நிண்டுட்டு விடிய வாறன்."

"நடந்தெண்டாலும் வாங்கோவன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? கதவைப் பூட்டிப்போட்டுப் பிள்ளையோடை இரும்."

கதவைப் பூட்டலாம். படலை திறந்தல்லவா கிடக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுப்பளவு படலை எவனை மறிக்கப் போகிறது? ஆனாலும் அது சாத்திக் கிடக்க வேண்டும். கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு, சிவானந்தனின் பெரிய சப்பாத்துக்குள் காலை விட்டு, கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

காற்று காதை அறைந்தது. முழங்கால்வரை புதைந்து புதைந்து படலையடிக்கு வந்து, அடிப்பலகையில் கொதிதண்ணியை ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. ஆவிக்குள் ஒரு மணம். அவள் மூக்கை உறிஞ்சினாள். பனிக்கு மணமில்லை, அதுதான் இந்த நாட்டில் அவளுக்குப் பிடித்த ஒரே விசயம். ஆனால் இது மணத்தது. ஈரமண், அதற்கு மேலே பிளாஸ்ரிக் எரிந்த காரல். எரிந்த தறப்பாள். அவளுக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும், இடம்பெயர்ந்து ஓடிய எவருக்கும் தெரியும்.

படலையைத் தள்ளினாள். அசையவில்லை. ஊற்றிய தண்ணி அவள் கண்ணுக்கு முன்னாலேயே திரும்ப இறுகியது.

நிமிர்ந்தபோது, பனிமனிதர் இருவருக்கும் அங்கால், றோட்டோரத்தில் இன்னொன்று நின்றது. மேடு என்று நினைத்தாள். பனி ஏறிய பற்றை என்று நினைத்தாள். அந்த இடத்தில் பற்றை இல்லை. அதற்குக் கரட் மூக்கில்லை, கல்லுக் கண்ணில்லை. வெறும் வெள்ளை. ஒரு பெரிய ஆளின் உயரம். அதன் இடுப்போடு ஒட்டியபடி, சின்னதாக இன்னொன்று.

கேத்தில் கையிலிருந்து விழுந்தது. எடுக்கவில்லை.

எப்படி ஓடிவந்தாள் என்று தெரியாது. கதவைப் பூட்டினாள், சங்கிலியையும் போட்டாள். பின்கதவு. யன்னல் கொக்கிகள். எல்லாம் பார்த்தாள். பிறகு விளக்கை நிற்பாட்டிவிட்டுத் திரையை விரல் அகலத்துக்கு விலக்கினாள்.

சாரங்கியின் இரண்டு சென்றிகளும் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். படலைக்கு இங்கால், முற்றத்துக்குள், ஐந்து பேர் நின்றார்கள். வரிசையாக. இரண்டு பெரிது, மூன்று சின்னது. பனி அவர்களுக்கு மேலால் ஓடியது. அவர்கள் அசையவில்லை. வீட்டுக்கு வந்து, உள்ளே கூப்பிடும்வரை நிற்கிற மனிசரைப் போலப் பொறுமையாக நின்றார்கள்.

"ஆர் அம்மா?" சாரங்கி அவள் கைக்குக் கீழே நுழைந்து எட்டிப் பார்த்தாள். பயமே இல்லை. "அவையோ?"

"ஒருத்தரும் இல்லை. இஞ்சாலை வா."

"நான்தானே வரச் சொன்னனான்."

"வாயை மூடு!" என்று கத்திவிட்டாள். பிள்ளையின் உதடு நெளிந்தது. உடனே பிள்ளையை வாரி எடுத்து, பத்து வயதுப் பாரத்தையும் சுமந்துகொண்டு போய்ச் சோபாவில் இருந்தாள். சோபாவைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தாள். ஹீட்டர் காலடியில். பிள்ளை மடியில். இரண்டு கையாலும் சுற்றிக் கட்டிக்கொண்டாள். முருகா, என்ரை பிள்ளையை விட்டுவிடு. நான் செய்த பிழை. செத்த வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனது நான். வாங்கோ எண்டு சொல்லப் பழக்கினது நான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது.

பொலிசுக்கு அடிக்கலாம். என்ன சொல்ல? முற்றத்தில் பனி நிற்கிறது என்றோ? சிவானந்தனுக்கு அடித்தாள். பனிக்குத் தொடர்பு அறுந்துவிட்டதோ என்னவோ, தொலைபேசிக்குள் இரைச்சல் மட்டும் கேட்டது.

விடியும்வரை இப்படியே இருந்தால் போதும். கண்ணை மட்டும் மூடக்கூடாது.

ஹீட்டர் முனகியது. பிள்ளையின் தலைமயிரில் சம்பூ வாசம். மடி சூடாக இருந்தது. வெளியே காற்றுச் சுவரை ஒருதரம் தடவிவிட்டுப் போய், திரும்ப வந்து தடவியது. விடியமுன் எழும்பின உடம்பு. எத்தனை நாள் விடுபட்ட நித்திரை அது. செய்தி பார்த்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் முழித்து, செத்த வீட்டுக்குப் போய், வேலைக்குப் போய். கண்ணிமை மணல் மூட்டையாகக் கனத்தது. மூடக்கூடாது. கொடுப்புப் பல்லால் நாக்கைக் கடித்தாள். பிள்ளை சொன்ன அந்த ஊர்ச் சனமும் இப்படித்தான் இருந்திருக்கும். களைத்துப் போய். போதும் என்று போய். மூடக்கூடாது.

மூடக்கூடாது.

கதவுச் சங்கிலி கிணுங்கியது.

அது கனவு. கனவுதான். யாரோ முன்கதவைத் திறக்கிறார்கள். குளிர் நிலத்தால் ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. மடி பாரமில்லாமல் இருந்தது. எழும்ப வேண்டும்.

"வாங்கோ. வாங்கோ. உள்ளை வாங்கோ." சாரங்கியின் குரல். "அம்மா நித்திரை. நீங்கள் இருங்கோ."

எழும்ப வேண்டும். கண்ணைத் திற. திறக்க ஏலவில்லை. களைப்பு அவளைச் சோபாவோடு அமத்திப் பிடித்திருந்தது. கதிரைகள் நிலத்தில் இழுபட்டு அரக்குப்பட்டன. யாரோ இருக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு அமைதி. அவளுக்குத் தெரிந்த அமைதி. எல்லோரும் வந்து இருந்து, ஒருத்தரும் கதைக்காமல் இருக்கிற அமைதி. எரிந்த தறப்பாள் மணம் மூக்குக்குள் நிறைந்தது.

பிள்ளை. என்ரை பிள்ளை. எழும்பு!

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

கதிரைகள் மீண்டும் அரக்குப்பட்டன.

கண் திறந்தபோது வீடு ஐஸ்பெட்டியாகக் கிடந்தது. மடியில் பிள்ளை இல்லை. முன்கதவு விரியத் திறந்து, சங்கிலி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. விறாந்தைவரை பனி அடித்து ஏறியிருந்தது. நிலத்தில் ஈரம். ஈரத்தில் வெறுங்கால் அடையாளங்கள். பெரியது, சின்னது, அதிலும் சின்னது. சாப்பாட்டு மேசைக் கதிரைகள் ஐந்தும் சோபாவைப் பார்த்தபடி வரிசையாக இழுத்துப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் இருக்கையிலும் தண்ணி தேங்கி நின்றது.

"சாரங்கி! சாரங்கி!"

"என்ன அம்மா?"

கதவு நிலையில் நின்றாள். இரவு உடுப்போடு, சப்பாத்தில்லாமல், காலில் மேசோடு. முழுசாக, உயிரோடு. ராசமலர் விழுந்தடித்து ஓடிப்போய் அவளை இழுத்து அணைத்துக் கதவை அடித்துச் சாத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எங்கையடி போனனீ? ஐயோ, எங்கையடி போனனீ?"

"அவையைக் கொண்டுபோய் விட்டனான். படலை மட்டும்." வீட்டுக்கு வந்தவர்களைப் படலைவரை போய் வழியனுப்ப வேண்டும் என்றும் ராசமலர்தான் பழக்கியிருந்தாள். "அவை போட்டினம் அம்மா. இனிப் பயமில்லை."

"போட்டினமோ?" அவளுக்கு மூச்சு வந்தது. "என்ன சொல்லிப்போட்டுப் போனவை? திரும்ப வாறம் எண்டு சொன்னவையோ?"

"நை. ஒண்டும் சொல்லேல்லை. சும்மா எழும்பிப் போட்டினம்." பிள்ளை நல்ல பிள்ளையாக, பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னது. "நீங்கள் காருக்குள்ளை சொன்னீங்களே, அப்பிடி."

ராசமலர் பிள்ளையை அணைத்தபடி நின்றாள். ஒன்றும் சொல்லாமல் சும்மா எழும்பிப் போவது எந்த வீட்டிலிருந்து என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளையின் தோளுக்கு மேலால், கதவுக் கண்ணாடி வழியாக முற்றம் தெரிந்தது. காற்று அடங்கியிருந்தது. வாசலிலிருந்து படலைவரை, வெறுங்கால் அடிகளுக்கு நடுவில், ஒரு சோடிச் சின்ன மேசுக்கால் அடி போனது. படலையடியில் நின்றது. திரும்பி வந்த அடி இல்லை.

"குளிருதோ குஞ்சு?"

"இல்லை அம்மா. குளிரேல்லை."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, அதோடு சேர்த்து இருத்தினாள். தலையில் பனி. புருவத்தில் பனி. கையால் தட்டினாள், உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். சூடு ஏறி ஏறி, அவள் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது, கதிரைகளில் நின்ற தண்ணி ஆவியாகியது. கரையும், இப்ப கரையும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பிள்ளை சிரித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருதரமும் இமைக்காமல்.

இமையில் கிடந்த பனி கரையவில்லை.